அட்டாலியில் இறங்கிய கண்ணாடிச் சாமான்: எது பெல்ஜியம், எது பிரோசாபாத், என்ன விலை?

நொய்யல்வாசி | 4 ஜூன் 2023, காலை 10.12

காங்கேயம் பக்கம் தொட்டிக்கட்டு வீடு ஒன்று பங்கு பிரியுதுங்க. அட்டாலியில் (பரண்) இருந்து இறங்கியவை: மூடியோட சிவப்புக் கண்ணாடிக் குடுவை ஒன்று, மேலே மான், மரம் எல்லாம் செதுக்கியிருக்கு. பொன் நிறத்தில் மினுங்கும் டம்ளர் ஆறு. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் தட்டு ரெண்டு. வெள்ளைக் குடை போட்ட தொங்கு விளக்கு, மண்ணெண்ணெய் ஊத்துறது. கோலி சோடா பாட்டில் பதினொன்று, அதில் ரெண்டு நீலம். ஆளுயர நிலைக்கண்ணாடி.

வந்து பார்த்த ஒரு வியாபாரி "எல்லாம் பெல்ஜியம்" என்று மொத்தமாக 22,000 சொல்றார். அடுத்து வந்தவர் "ஒண்ணுகூட பெல்ஜியம் இல்லை, 6,000" என்கிறார். யார் சொல்றது சரி?

கோவை கண்ணாடி | 4 ஜூன், இரவு 8.40

ரெண்டு பேருக்கும் கொடுக்க வேண்டாம். மொத்த விலை சொல்கிறவர் மனசில் அந்தக் குவியலில் ஒரே ஒரு சாமான்தான் இருக்கும். அது எது என்று நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் மற்றதையும் சேர்த்து அள்ளுகிறார்கள்.

"பெல்ஜியம்" என்பது நம்ம பக்கம் ஊர்ப் பெயராக இல்லை, தரத்துக்குச் சொல்கிற பெயராகிவிட்டது. நிலைக்கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் பெல்ஜியத்திலிருந்து நிறைய வந்தது உண்மை. அங்கே லியேஜ் பக்கத்தில் வால் செயின்ட் லாம்பர்ட் ஆலை 1826ல் தொடங்கிப் படிகக் கண்ணாடி செய்தது. ஆனால் கொங்கு வீடுகளில் இருக்கும் செதுக்குக் குடுவை, டம்ளர், விளக்கில் பெரும்பகுதி பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான், நம்ம உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத். பெல்ஜியம் இல்லை என்பதால் விலை இல்லை என்று ஆகாது. ரெண்டாவது ஆள் அதைச் சொல்லித்தான் 6,000க்கு இறக்குகிறார்.

முதலில் எதையும் கழுவாதீங்க. தேங்காய் நாரும் சாம்பலும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் உயரம், வாய் விட்டம், அடி விட்டம் மில்லிமீட்டரில், எடை கிராமில் எழுதுங்க. படம் மூணு வேணும்: வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டிப் பகல் வெளிச்சம் ஊடுருவ ஒன்று, கறுப்புத் துணி மேல் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, அடிப்பாகம் தனியாக ஒன்று. அடிப்பாகம் இல்லாத படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பவானிக்கரை | 4 ஜூன், இரவு 9.05

நீல பாட்டில் ரெண்டிலும் உடம்பே நீலமா, வாய் மட்டும் நீலமா? புடைப்பு எழுத்தில் ஊர் பெயர் இருக்கா?

நொய்யல்வாசி | 5 ஜூன், காலை 7.30

உடம்பு முழுக்க நீலம்ங்க. எழுத்து ஒன்றும் இல்லை. மீதி ஒன்பதில் நாலில் எழுத்து இருக்கு, ஒன்றில் ஈரோடு என்று இங்கிலீஷில் தெளிவா இருக்கு.

கோவை கண்ணாடி | 5 ஜூன், மதியம் 2.15

பாட்டிலைப் பவானிக்கரை பார்த்துக்கொள்வார். பொதுவாகப் பார்க்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

அச்சுக்கோடு. அச்சில் வார்த்த கண்ணாடியில் ரெண்டு பாதி சேரும் இடத்தில் மெல்லிய கோடு நிற்கும். நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டினால் தட்டும். பாட்டிலில் அந்தக் கோடு வாய்க்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாய் வழியாக மேலேறிப் போனால் எந்திரம். அமெரிக்காவில் ஓவன்ஸ் எந்திரம் வந்தது 1903ல். அது எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரவில்லை, அதனால் இதை வைத்து வருஷம் சொல்லக்கூடாது. முன்னதா பின்னதா என்று மட்டும் சொல்லலாம்.

அடி வடு. ஊதிச் செய்த கண்ணாடியின் அடியில் இரும்புக் கம்பி ஒட்டிப் பிடித்திருப்பார்கள். உடைத்து எடுத்த இடத்தில் கரடுமுரடாக வடு இருக்கும். நல்ல ஆலைகள் அதைச் சாணை பிடித்து வழவழப்பான குழியாக்கும். இன்றைக்கும் கையால் ஊதுகிறவர்கள் உண்டு, ஆகவே வடு இருந்தால் கைவேலை என்று மட்டும் அர்த்தம், பழசு என்று அர்த்தம் இல்லை.

அடித் தேய்மானம். பழசு என்பதற்கு நான் பெரிதாக நம்புவது இதைத்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்து அடி வளையத்தைப் பாருங்க. வருஷக்கணக்கில் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்தால் கீறல்கள் எல்லாத் திசையிலும், நீளமும் ஆழமும் மாறி மாறி, தரையைத் தொடும் மேட்டில் மட்டும் இருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கினால் கோடுகள் ஒரே திசையில் ஒரே ஆழத்தில் ஓடும், தரையைத் தொடவே முடியாத குழிக்குள்ளும் இருக்கும். அலமாரியில் ஏறி இறங்காமலே இருந்த சாமானுக்குத் தேய்மானம் குறைவாக இருக்கலாம். உங்கள் குடுவை அட்டாலியிலேயே கிடந்திருந்தால் அடி புதுசு போல இருப்பதை வைத்துத் தள்ளிவிடாதீங்க.

வெட்டா, வார்ப்பா. செதுக்கின கோட்டின் விளிம்பு விரலில் கூர்மையாகப் படும். வார்ப்பில் விளிம்பு மழுங்கி இருக்கும்.

லாந்தர் பொள்ளாச்சி | 5 ஜூன், மாலை 6.50

விளக்கில் கண்ணாடியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பர்னரைப் பாருங்க. திரி ஏத்துற திருகு முகத்தில் ஏதாவது பொறிச்சிருக்கும். ஆர். டிட்மர் என்றால் வியன்னா. வில்ட் அண்ட் வெஸ்ஸல் என்றால் பெர்லின், காஸ்மாஸ் பர்னர் அவங்களுது. அளவு எண்ணோட பக்கத்தில் மூணு சின்னக் கோடு போட்டிருந்தால் அது லைன் அளவு. ஒரு லைன் 2.256 மில்லிமீட்டர்.

விலையைத் தீர்மானிக்கிற கேள்வி: எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று சொந்தமா? காஸ்மாஸ் பர்னருக்குச் சிம்னி அடியிலிருந்து கொஞ்சம் மேலே இடுப்பு ஒடுங்கி, அப்புறம் நேரே போகும். அந்த ஒடுக்கத்தில் காற்று சுடருக்குள் திரும்பித்தான் வெளிச்சம் வெள்ளையாகும். மட்டாடார் வகைப் பர்னருக்கு நடுவில் சுடரை விரிக்கிற வட்டத் தகடு நிற்கும், அதுக்குச் சிம்னி பானை வயிறு மாதிரி உப்பியிருக்கும். வட்டத் தகடு உள்ள பர்னர் மேல் ஒடுங்கின சிம்னி உட்கார்ந்திருந்தால் சிம்னி மாற்றினது. அதனால் விளக்கு வீணாகாது, ஆனா "முழு ஒரிஜினல்" விலை கேட்கக் கூடாது.

எண்ணெய்க் கிண்ணத்துக் கழுத்தில் பித்தளை வளையத்தைப் பழைய காலத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டியிருப்பாங்க. அது மண்ணெண்ணெய் குடிச்சு மஞ்சளாகி உதிரும். உதிர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. வழவழன்னு கெட்டியா இருந்தால் யாரோ புதுப் பசை வச்சிருக்காங்க. வெள்ளைக் குடையைத் தொட்டுப் பாருங்க: உடம்பே பால் நிறக் கண்ணாடியா, தெளிவான கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை அடுக்கா, அல்லது வெறும் பெயிண்டா என்று உடைந்த விளிம்பிலோ திருகு பிடிக்கிற விளிம்பிலோ தெரியும்.

ஏத்திப் பார்க்கணும்னா புதுத் திரி போட்டு, சின்னச் சுடரில் பத்து நிமிஷம் சூடாக்கி, அப்புறம்தான் உயர்த்தணும். பழைய சிம்னி ஈரத்தோட இருந்து ஏத்தினீங்கன்னா நேரா நெடுக வெடிக்கும்.

பவானிக்கரை | 6 ஜூன், இரவு 10.30

கோலி சோடா பாட்டில் பற்றி நீளமாகவே எழுதணும், ஏனென்றால் மேலே சொன்ன அச்சுக்கோட்டு விதி இதில் வேலை செய்யாது.

லண்டன் ஹைரம் காட் 1872ல் காப்புரிமை வாங்கின அமைப்பு இது. உடம்பை அச்சில் ஊதி, குண்டை உள்ளே போட்டு, அதுக்கப்புறம்தான் வாயை முடிக்க முடியும். முதலில் வாயை முடித்தால் குண்டு உள்ளே போகாது. ஆகவே நேற்றுச் செய்த பாட்டிலிலும் கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிடும். அதைக் காட்டி "கைவாய், நூறு வருஷம்" என்று விற்கிறவர்களிடம் கவனம்.

வேலை செய்யும் விதம்: வாயின் உள்பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் ரப்பர் வாஷர். பாட்டிலைக் கவிழ்த்து வாயு ஏற்றும்போது குண்டு வாஷரில் போய் உட்காரும், உள் அழுத்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். குண்டைத் தள்ளினதும் அது கழுத்துக்குக் கீழே உள்ள அறையில் விழும். அந்த அறையின் ஒரு பக்கம் ரெண்டு குழி அமுக்கியிருக்கும். அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து ஊற்றினால் குண்டு குழியில் தங்கி வழி விடும்.

பழசுக்குப் பார்க்க வேண்டியது:

குண்டு அறைச் சுவர். தினமும் குண்டு விழுந்து விழுந்து அறையின் அடி மேட்டிலும் ரெண்டு குழியிலும் சின்னச் சின்னப் பிறை வடிவத் தழும்பு விழுந்திருக்கும். இதைப் போலியாகச் செய்வது ரொம்பக் கஷ்டம். வெளியே உப்புத்தாள் போடலாம், உள்ளே போட முடியாது.

வெளி வளையத் தேய்மானம். மரப்பெட்டியில் நின்று பக்கத்துப் பாட்டிலோடு உரசி, தோள்பட்டையிலும் அடிக்குக் கொஞ்சம் மேலேயும் ரெண்டு சாம்பல் பட்டை சுற்றி வரும். சோடாக் கடையில் நிஜமாக ஓடின பாட்டிலுக்கு இது கட்டாயம் இருக்கும்.

எழுத்து. கம்பெனி பெயர், ஊர் பெயர், படம் (யானை, மயில், நட்சத்திரம்). ஊர் பெயர் உள்ள பாட்டிலை அந்த ஊர்க்காரர்தான் அதிக விலைக்கு வாங்குவார். ஈரோடு பாட்டிலை ஈரோட்டிலோ கோபியிலோ காட்டுங்க. சென்னையில் அது இன்னொரு சோடா பாட்டில், அவ்வளவுதான். இங்கிலாந்து ஆலைப் பெயர் இருந்தால், உதாரணமாக பார்ன்ஸ்லி டான் ரைலண்ட்ஸ், அது வேறு வரிசை, படம் போடுங்க.

நீலம். காட் பாட்டிலில் பழசு பெரும்பாலும் கடல் பச்சை. வாய் மட்டும் நிறமாக இருப்பவை உண்டு, அது நல்லது. உடம்பு முழுக்க கோபால்ட் நீலம், எழுத்து இல்லை, கண்ணாடி ஒரே சீராக, குமிழியே இல்லை என்றால் அது அலங்காரத்துக்காகப் பிற்காலத்தில் செய்தது. உங்கள் ரெண்டும் அந்த வகை என்று நினைக்கிறேன். உள்ளே பிறைத் தழும்பு இருந்தால் சொல்லுங்க, மறுபடி யோசிக்கலாம்.

இன்னொன்று. ஆசைக்குக்கூட பழைய பாட்டிலில் வாயு ஏற்றாதீங்க. தழும்பு விழுந்த கண்ணாடி அழுத்தத்தில் சிதறும்.

நொய்யல்வாசி | 7 ஜூன், காலை 8.00

நீலத்தில் உள்ளே வழவழன்னுதான் இருக்கு. ஈரோடு பாட்டிலில் நீங்க சொன்ன பிறை பத்துப் பதினைந்து தெரியுதுங்க!

கோவை கண்ணாடி | 7 ஜூன், இரவு 9.20

மஞ்சள் பச்சைத் தட்டுக்கு வருகிறேன். ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு அடியுங்க. தட்டு முழுக்க, விளிம்பு வரைக்கும், கண்ணைப் பறிக்கிற பச்சையாக எரிந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. பொஹீமியாவில் யோசெஃப் ரீடல் 1830களில் மஞ்சளும் பச்சையுமாக இதைச் செய்து மனைவி அன்னா பெயரை வைத்தார். பிறகு பல நாடுகளில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் யுரேனியம் அரசாங்கக் கட்டுப்பாட்டில் போனதும் உற்பத்தி நின்றது, பிறகு சிறிய அளவில் திரும்ப வந்தது.

அலமாரியில் வைப்பதில் பயம் இல்லை. ஊறுகாய், எலுமிச்சை ரசம், தயிர் எதையும் அதில் வைக்க வேண்டாம். புளிப்பு கண்ணாடியிலிருந்து உப்புகளை இழுக்கும்.

லாந்தர் பொள்ளாச்சி | 7 ஜூன், இரவு 9.55

ஒரு திருத்தம். பச்சையா எரியுறது எல்லாம் யுரேனியம் இல்லை. கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்கப் போட்ட மாங்கனீஸும் மங்கலான பச்சை காட்டும். சாதாரண புற ஊதா டார்ச்சின் அலைநீளம் 395 நானோமீட்டர், அதோட ஊதா வெளிச்சம் கண்ணை மறைக்கும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு வடிகட்டி போட்டது நல்லது. ஒரு அடி தூரத்திலிருந்து அடிச்சும் பளிச்சுன்னா யுரேனியம். ஒட்டி வச்சு அடிச்சால்தான் லேசா தெரியுதுன்னா மாங்கனீஸ். காட்மியம் போட்ட கண்ணாடி மஞ்சளா, ஆரஞ்சா எரியும்.

அதே டார்ச்சில் ஒட்டு வேலையும் மாட்டும். எபாக்ஸிப் பசை நீலம் கலந்த வெள்ளையா கோடு கோடா தெரியும். விளக்குக் கழுத்து, குடுவை கைப்பிடி, மூடிக் குமிழ் மூணு இடமும் அடிச்சுப் பாருங்க.

கோவை கண்ணாடி | 7 ஜூன், இரவு 10.10

சரியான திருத்தம். நான் சொன்ன "கண்ணைப் பறிக்கிற" என்பதைத் தூரம் வைத்துச் சொன்னது இன்னும் உதவும்.

கோவை கண்ணாடி | 9 ஜூன், மாலை 5.30

ஈயம் கலந்த படிகமா, சாதாரணக் கண்ணாடியா என்று தட்டி ஒலி கேட்டுச் சொல்வதை நம்பாதீங்க. கிண்ண வடிவில் மெல்லிய சாதாரணக் கண்ணாடியும் மணி போலப் பாடும், தடித்த படிகக் குடுவை டொக்கென்று நிற்கும். அடர்த்தி பாருங்க, சமையலறைத் தராசு போதும்.

சாமானை நேரடியாக நிறுத்து எடை எழுதுங்க. அப்புறம் ஒரு பெரிய போசியில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்யம் ஆக்குங்க. சாமானை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் போசியின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்க விடுங்க. தராசு காட்டுகிற எண்தான் அது தள்ளின தண்ணீர். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணம்: டம்ளர் 312 கிராம், தண்ணீரில் தராசு 125 காட்டினால் 2.5. சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. 403 கிராம் சாமான் 130 காட்டினால் 3.1. நிறைய ஈயம். போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி 2.2 அளவில் நிற்கும். பழைய லாந்தர், பெட்ரோமாக்ஸ் கண்ணாடியில் யேனா (ஜெர்மனிக் கண்ணாடி ஊர்) என்ற எழுத்து இருந்தால் இந்த எண்ணை எதிர்பார்க்கலாம்.

தப்பு எங்கே நடக்கும்? உள்ளே காற்றுக் குமிழி சிக்கினால் தள்ளின தண்ணீர் கூடுதலாகக் காட்டி அடர்த்தி குறையும். முதலில் சாய்த்து முக்கிக் காற்றை வெளியேற்றி, பிறகு நிமிர்த்துங்க. பித்தளை வளையம், மூடி எல்லாம் கழற்ற வேண்டும். சோடா பாட்டிலுக்குச் சரிவராது, குண்டு வேறு கண்ணாடியாக இருக்கலாம். பொன்பூச்சு உள்ளதை முக்கி ஊற வைக்காதீங்க, எடை பார்த்ததும் எடுத்துத் துடையுங்க.

பவானிக்கரை | 9 ஜூன், இரவு 8.15

2.7, 2.8 வந்தால் பேரியம் கண்ணாடியாகவும் இருக்கலாம். ஈயம் என்று எழுதி விற்காதீங்க.

கோவை கண்ணாடி | 11 ஜூன், காலை 11.40

பொன் டம்ளர் படங்கள் பார்த்தேன். அடிக்குள் நட்சத்திரத்துக்கு நடுவே ஜெயின் என்று ஆங்கில எழுத்து வார்ப்பிலேயே இருக்கிறது. பிரோசாபாத் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். இந்த வகைக்கு உலகத்தில் கார்னிவல் கண்ணாடி என்று பெயர். அமெரிக்காவில் ஃபென்டன் 1907ல் தொடங்கிவைத்தது. அச்சில் அழுத்தின சூடு ஆறுவதற்குள் உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள், மேல் தோலில் எண்ணெய் படிந்தாற்போல வானவில் மினுக்கு நிற்கும். அடிக்குத் தெளிப்பு படாது. அடியை வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியின் சொந்த நிறம் தெரியும். உங்களுடையது நிறமில்லாத கண்ணாடி மேல் பொன் தெளிப்பு.

இதில் மீன், யானை, கை வடிவப் பூச்சாடிகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுவது. அட்டாலியில் இன்னும் துணி மூட்டை இருந்தால் திறந்து பாருங்க. டம்ளரும் தேடப்படுவதுதான். பெல்ஜியம் என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். சும்மா "இந்தியா டம்ளர்" என்று விற்றால் நீங்கள் ஏமாறுகிறீர்கள். சரியான பெயரைச் சொல்வதுதான் இங்கே விலை.

ஆறையும் பிரிக்காதீங்க. பங்கு பிரிக்கிறேன் என்று ஆளுக்கு ஒன்றரை டம்ளர் கணக்கு போட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஒரு சமதளக் கண்ணாடிப் பலகை மேல் வரிசையாக நிறுத்தி, மேலே இரும்பு ஸ்கேல் வையுங்க. ஒன்று மட்டும் ரெண்டு மில்லி குட்டையாக இருந்து, வாய் தட்டையாகவும் கூராகவும் பட்டால் உடைந்த விளிம்பைச் சாணை பிடித்திருக்கிறார்கள். கார்னிவலில் இன்னும் சுலபம்: சாணை பட்ட விளிம்பில் மினுக்கு இருக்காது.

கோவை கண்ணாடி | 11 ஜூன், மதியம் 12.20

டம்ளர் அடி எண் பற்றி ஒரு சின்ன விலகல். வளைகுடாவிலிருந்து வந்த பிரெஞ்சு டுராலெக்ஸ் டம்ளரின் அடியில் இருக்கும் எண் வருஷம் இல்லை, அச்சின் எண். 47 என்று இருந்தால் 1947 இல்லை. அப்படி வருஷமாகச் சொல்வது கோவையில் பல கடைகளில் நடக்கிற பேச்சு.

கோவை கண்ணாடி | 12 ஜூன், இரவு 9.00

சிவப்புக் குடுவை. இதுதான் அந்த வியாபாரியின் கண் பட்ட சாமான் என்று நினைக்கிறேன்.

மானும் மரமும் செதுக்கின சிவப்புக் கண்ணாடி பொஹீமியப் பாணி. சிவப்பை மூணு விதமாக ஏற்றலாம். கண்ணாடி முழுக்க சிவப்பு, தெளிந்த கண்ணாடி மேல் தடித்த சிவப்பு அடுக்கு, அல்லது மேலே பூசிச் சுட்ட மெல்லிய சாயம். மூன்றாவதை பொஹீமியாவில் ஃப்ரீட்ரிஷ் எகர்மன் 1830களில் கண்டுபிடித்தார். செதுக்கின கோட்டுச் சரிவை லூப்பில் பாருங்க. சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவே படி போல ஒரு தடிப்பு தெரிந்தால் அடுக்கு, விலை அதிகம். தடிப்பே இல்லாமல் கோடு கிழித்தாற்போல நிறம் நின்றால் சாயம். சாயத்தில் கழுத்து, வயிறு போன்ற கை படும் இடங்களில் மெல்லிய கீறல் விழுந்து அடியில் உள்ள தெளிவு எட்டிப் பார்க்கும். பழசில் அது இயல்பு, குறை இல்லை.

நாலாவது ஒன்றும் சந்தையில் உண்டு: சிவப்பு லாக்கர், அதாவது வார்னிஷ் போன்ற பூச்சு. கண்ணில் படாத இடத்தில், அடிக்கு உள்பக்க விளிம்பில், பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு ஒற்றினால் நிறம் பஞ்சில் வரும். சுட்ட சாயம் அசைவதில்லை.

செதுக்கின மானைப் பாருங்க. சக்கரத்தில் செதுக்கினால் உடம்பின் தடித்த இடம் ஆழமாக, கொம்பு ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டமாக, ரெண்டு பக்க மானும் கொஞ்சம் வேறு வேறாக இருக்கும். அமிலத்தில் அரித்தால் ஆழம் எங்கும் ஒன்றே.

மூடி அந்தக் குடுவைக்குரியதா? பழைய குடுவைகளில் மூடியின் செருகும் தண்டிலும் கழுத்து வாயிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்திருப்பார்கள். அரைத்துப் பொருத்தின மூடி அந்த வாய்க்கு மட்டும்தான் சேரும் என்பதால். எண் ஒத்தால் விலை ஏறும், வேறு வேறாக இருந்தால் மூடி மாறியிருக்கிறது.

அடியில் முத்திரை இருந்தால் காலத்தைக் கட்டலாம். மேட் இன் செக்கோஸ்லோவாகியா என்றால் 1918க்கு முன் கிடையாது, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990. இங்கிலாந்துச் சாமானில் ஆர்டி எண் (Rd No, வடிவப் பதிவு எண்) இருந்தால் 1884 ஜனவரியில் 1ல் தொடங்கின வரிசை. 1890 தொடக்கத்தில் 1,41,273, 1900 தொடக்கத்தில் 3,51,202. வடிவத்தைப் பதிவு செய்த காலம் அது. செய்தது பல வருஷம் கழித்தும் இருக்கலாம்.

நொய்யல்வாசி | 13 ஜூன், காலை 7.15

மூடியிலும் வாயிலும் 14 என்று கீறல் இருக்குங்க. முத்திரை இல்லை. சரிவில் தடிப்பு இல்லை. உள்ளே வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி இருக்கு, வினிகர் ஊத்தலாமா?

கோவை கண்ணாடி | 13 ஜூன், இரவு 8.30

சாயம் பூசினது, சொந்த மூடி. நல்ல சாமான்.

வெளியே வினிகர் வேண்டாம். உள்ளே மட்டும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாதி, சில மணி நேரம், பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசிக் கவிழ்க்காமல் சாய்த்து உலர்த்துங்க. நம்ம பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புப் படிவு என்றால் கரைந்துவிடும். கரையவில்லை என்றால் கண்ணாடியின் தோலே அரிபட்டிருக்கிறது, அதை வீட்டில் எடுக்க முடியாது. நனைந்தால் புகை மறைவதை வைத்து ஏமாறாதீங்க, ரெண்டு வகையும் நனைந்தால் மறையும். எண்ணெய் தடவிப் புகையை மறைத்து விற்பது பழைய வித்தை. குடுவை வாங்கும்போது உள்ளே விரலோ பஞ்சோ விட்டுப் பாருங்க.

பவானிக்கரை | 13 ஜூன், இரவு 9.10

சோடா பாட்டிலுக்கு: குண்டு இருப்பதால் பிரஷ் போகாது. ஊற வைத்த அரிசி ஒரு கைப்பிடி, வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டு சொட்டு சோப்பு, மெல்லக் குலுக்கணும். மணல், ஆணி, இரும்புச் சங்கிலி போட்டால் உள்ளே கீறி, அந்தப் பிறைத் தழும்பு சாட்சியே அழிந்துபோகும். கார்னிவல் டம்ளருக்கு வினிகர், புளி, பாத்திரத் தூள் எதுவும் ஆகாது, மினுக்கு உரியும்.

கோவை கண்ணாடி | 15 ஜூன், இரவு 10.00

விலை. எண் சொல்லச் சொல்லித் தனியாகக் கேட்டீர்கள். நேரில் விளிம்பைத் தடவாமல் எண் சொல்வது நியாயம் இல்லை. கணக்குப் போடும் வழி சொல்கிறேன்.

இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, விற்று முடிந்த விலையை மட்டும் தேடுங்க. அதே வடிவம், அதே உயரம், அதே நிறம், அதே நிலையில் உள்ள மூணு நாலு விற்பனை கிடைத்தால் அதிகமும் குறைவும் நீக்கி நடுவில் நில்லுங்க. வெளிநாட்டு ஏல விலை என்றால் அதில் வாங்குபவர் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை, அவர் விற்கும் விலையில் பாதியைச் சுற்றி நிற்பது வழக்கம். கடை வாடகை, மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பது எல்லாம் அதில் அடங்கும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

குறைக்கான கழிவு: வாயில் சில்லு போனால் பாதிக்கும் கீழே. மயிர் விரிசல் இருந்தால் அதைவிடக் கீழே, ஏனென்றால் அது நாளைக்கு ஓடும். விரிசலைக் கண்டுபிடிக்க டார்ச்சை விளிம்புக்கு இணையாக அடித்துச் சாமானை மெல்லச் சுழற்றுங்க, ஒரு கோணத்தில் வெள்ளி போல மின்னும். அடிக்கு உள்ளே சின்னச் சில்லு பெரிய விஷயம் இல்லை.

சட்டம். 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதைத் தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். வயது சந்தேகமான சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் பழம்பொருள் அல்ல என்ற சான்று வாங்க வேண்டும். "கூரியரில் அனுப்பிடலாம்ங்க" என்று சொல்கிற தரகரிடம் கொடுக்காதீங்க.

விற்கும் வரிசை என் கணிப்பில்: குடுவை தனியாக, கோவை அல்லது பெங்களூரில் ரெண்டு பேரிடமாவது காட்டி. டம்ளர் ஆறும் ஒன்றாக. எழுத்துள்ள சோடா பாட்டில் நாலும் ஊர்க்காரர்களிடம். விளக்கை விற்காதீங்க, ஆசாரத்தில் (முன்கூடம்) மாட்டுங்க. காரைக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கொங்கு வீட்டுச் சாமான் செட்டிநாட்டுச் சாமானாகிவிடும், எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற விவரம் தொலைந்துவிடும். யார் வாங்கினது, எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை இப்போதே எழுதி ஒவ்வொரு சாமானோடும் வையுங்க.

லாந்தர் பொள்ளாச்சி | 16 ஜூன், காலை 6.40

நிலைக்கண்ணாடியை யாரும் தொடலை. பின் பலகையைக் கழற்றுவதுக்கு முன்னாடி பாருங்க: பிம்பம் கொஞ்சம் இருண்டு நீலச் சாம்பலா இருந்து, கீழ் விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி கெட்டிருந்தால் தகரமும் பாதரசமும் சேர்த்த பழைய பூச்சா இருக்கலாம். வெள்ளிப் பூச்சில் பிம்பம் லேசா மஞ்சள் சாயல், கெட்ட இடம் கறுப்பா, பழுப்பா இருக்கும். பாதரசப் பூச்சுன்னா பின்னால் தேய்க்கக் கூடாது, சட்டத்தின் அடியில் பாதரசத் துளி உருண்டு நிற்கலாம், குழந்தைகளை அண்ட விடாதீங்க. படுக்க வைத்துத் தூக்காமல் நிமிர்த்தியே நகர்த்துங்க. பூச்சு கெட்டதுன்னு ரசம் மாத்தினீங்கன்னா விலை போச்சு.

நொய்யல்வாசி | 18 ஜூன், மாலை 4.00

கண்ணாடி நீலச் சாம்பல்தான்ங்க, சுவரோட சாத்தி வேட்டி போட்டு மூடி வச்சாச்சு. குடுவையைக் கழுவி மூடியைப் போட்டு வச்சோம், இப்ப இறுகிடுச்சு. வரவே மாட்டேங்குது.

கோவை கண்ணாடி | 18 ஜூன், மாலை 4.25

திருகாதீங்க. கழுத்து போய்விடும். சுடுதண்ணீரும் ஊற்றக் கூடாது.

மூடிக்கும் வாய்க்கும் நடுவே தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு சுற்றிலும் விட்டு ஒரு நாள் விடுங்க. மறுநாள் மரக் கரண்டியின் கைப்பிடியால் மூடியை ஒரு பக்கம் மேல்நோக்கி மெல்லத் தட்டி, உடனே எதிர்ப்பக்கம் தட்டுங்க. மாறி மாறி. வரவில்லை என்றால் திரும்ப எண்ணெய். வாரம் ஆனாலும் பரவாயில்லை. வந்ததும் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் எடுத்துவிட்டு, மூடியைத் துணியில் சுற்றிக் குடுவைக்குப் பக்கத்திலேயே வையுங்க. உள்ளே ஈரத்தோடு மூடினால் மறுபடியும் இறுகும், புகையும் திரும்ப வரும்.

நொய்யல்வாசி | 22 ஜூன், காலை 9.10

மூணாம் நாள் வந்துருச்சுங்க. எண் 14 முழுசா இருக்கு, சில்லு இல்லை.